பிரெஞ்சுச் சிற்றூர்களின் சலவைத்துறைகள்

பிரான்சு நாட்டின் சிற்றூர்கள் பலவற்றில் ஊற்றையோ ஓடையையோ ஒட்டி, கூரையின்கீழ் அமைந்த தாழ்வான கல்தொட்டி ஒன்றைக் காணலாம். 'லவுவார்' எனப்படும் பொதுச் சலவைத்துறை அது. இன்று அதன் விளிம்பில் பூந்தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. சுற்றுலாப் பயணியர் படமெடுத்துச் செல்கின்றனர். நூறாண்டுகளுக்கு முன் அங்கே ஓயாது கேட்டது, ஈரத்துணியின்மீது மரக்கட்டை மோதும் ஓசை.

ஊற்றுநீரைப் பயன்படுத்துவதில் பல ஊர்கள் ஓர் ஒழுங்கைப் பின்பற்றின. நீர் முதலில் குடிநீர் முகக்கும் இடத்தை அடைந்தது. அங்கிருந்து வழிந்தது கால்நடைத் தொட்டியை நிரப்பியது. அதிலும் எஞ்சியதே துணிகளுக்குக் கிடைத்தது. சலவைத்தொட்டியையும் இரண்டாகப் பகுத்து, நீர் நுழையும் பகுதியில் அலசினர். வெளியேறும் பகுதியில் சோப்பிட்டுத் துவைத்தனர்.

இத்துறைகளுள் சில மிகப் பழையன. பர்கண்டிப் பகுதியின் தொன்னேர் நகரில், நிலத்தடிக் குகையிலிருந்து பொங்கும் 'ஃபோஸ் தியோன்' என்னும் ஊற்றைச் சுற்றி 1758-இல் வட்டவடிவச் சலவைத்துறை கட்டப்பட்டது. ஆயினும் சிற்றூர்தோறும் இவை பெருகியது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1832-லும் 1849-லும் காலரா பிரான்சை உலுக்கியது. அந்நோயின் கிருமியை அப்போது மருத்துவ உலகம் அறிந்திருக்கவில்லை. தீய காற்றே நோய் பரப்புகிறது எனப் பலர் நம்பினர். காரணத்தைப் பிழையாக உணர்ந்தபோதும், தூய உடையும் தூய நீரும் தேவை என்ற முடிவு சரியாகவே அமைந்தது. 1851 பிப்ரவரி 3-இல் நிறைவேறிய சட்டம், பொதுக் குளியலறைகளும் சலவைத்துறைகளும் அமைக்க முன்வரும் ஊர்களுக்கு உதவ 6 இலட்சம் பிராங்கை ஒதுக்கியது. அரசு தந்தது செலவில் ஒரு பகுதியையே. எஞ்சியதை ஊரே தேடவேண்டியிருந்தது. ஓத்-சோன் மாவட்டத்துச் சிற்றூர்கள் தம் பொதுக்காட்டு மரங்களை விற்று, கிரேக்கக் கோயிலை நினைவூட்டும் தூண்களுடன் துறைகளை எழுப்பின.

துறையில் நடந்த வேலையோ கடுமையானது. ஆண்டுக்கு ஓரிருமுறை நிகழும் பெருஞ்சலவை மூன்று நாள் நீடித்தது. முதல்நாள் துணிகளை நனைத்து ஊறவைத்தனர். இரண்டாம்நாள் பெரிய மரத்தொட்டியில் அவற்றை அடுக்கி, மேலே முரட்டுத்துணி விரித்து, அதில் விறகுச்சாம்பலைப் பரப்பி வெந்நீர் ஊற்றினர். சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட்டு நீரில் கரைந்து எண்ணெய்ப்பசையை நீக்கியது. அடியில் வடிந்த நீரை மீண்டும் காய்ச்சி மீண்டும் ஊற்றினர். பல மணிநேரம் இதுவே வேலை. மூன்றாம்நாள் துறைக்குக் கொண்டுசென்று அடித்து அலசினர். கத்தோலிக்க மரபில் வந்த அம்மக்கள் இந்நாள்களை முறையே உத்தரிக்கிற தலம், நரகம், விண்ணுலகம் எனக் குறிப்பிட்டனர். விண்ணுலகம் என்றது வெளுத்த துணியைக் கருதியே இருக்கவேண்டும். ஏனெனில் அந்நாளில்தான் பெண்கள், வைக்கோல் பரப்பிய மரப்பெட்டியில் மண்டியிட்டு, குளிர்நீரில் கைகளை விட்டபடி பொழுதைக் கழித்தனர். குளிர்காலத்தில் பனிக்கட்டியை உடைத்த பின்னரே துவைக்க இயன்றது. பர்கண்டியில் சில துறைகளின் கூரை உட்புறமாகச் சரிந்து, நடுவே திறந்திருக்கும்; மழைநீர் நேரே தொட்டியில் விழும். நீருக்குக் காட்டிய இந்த அக்கறையைக் கட்டடக் கலைஞர்கள் பெண்களின் முழங்கால்களுக்குக் காட்டவில்லை.

எனினும் பெண்கள் ஒன்றுகூடித் தடையின்றிப் பேசுவதற்கு ஊரில் இருந்த இடம் இது. செய்தியும் சண்டையும் இங்கே பிறந்தன. எமில் சோலா 1877-இல் வெளியிட்ட 'லசோம்வார்' புதினத்தில் இரு பெண்கள் மோதிக்கொள்ளும் களம் பாரிசு நகரச் சலவைக்கூடமே. பர்கண்டியின் மினோ என்னும் சிற்றூரை ஆராய்ந்த மானிடவியலாளர் இவோன் வெர்தியே, 1979-இல் வெளிவந்த தம் நூலில் வேறொரு செய்தியைப் பதிவு செய்தார்: பிறந்த குழந்தையை முதலில் நீராட்டியவரும், இறந்தோர் உடலைக் கழுவி ஆடை உடுத்தியவரும் ஊருக்குத் துணி வெளுத்த பெண்ணே.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வீடுகளுக்குக் குழாய்நீர் வந்தது. தொடர்ந்து சலவை எந்திரமும் வந்தது. துறைகள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. சில இடிந்தன, பலவற்றை ஊர்மன்றங்களும் தன்னார்வலர்களும் பழுதுபார்த்துக் காத்துவருகின்றனர். மண்டியிட உதவிய மரப்பெட்டிகளும் துணி அடித்த கட்டைகளும் இப்போது ஊர் அருங்காட்சியகங்களில் உள்ளன. தொட்டியின் சாய்ந்த விளிம்புக் கற்கள் மட்டும், கைபட்டுத் தேய்ந்த நிலையில், இருந்த இடத்திலேயே கிடக்கின்றன.