காளிங்கனுக்கு ஒரு மடு

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் முந்தின நாளே கரையைக் கடந்துவிட்டது, இனி பயமில்லை என்றுதான் படுத்தோம். மறுநாள் காலைக்குள் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை! ஏரி நிரம்பி வழிந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டியில் மாமியாரின் கொலு பொம்மைகள். காகிதக்கூழ் பொம்மைகள் எல்லாம் ஊறிக் கஞ்சியாகிவிட்டன. தசாவதார செட்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. பிழைத்தது சுட்ட மண்ணில் செய்த காளிங்க நர்த்தனம் மட்டும்தான். அதுவும் பெயின்ட் உரிந்து, செங்கல் நிறத்தில் நின்றது.

"மடுவுல இருந்தவன், தண்ணிக்குப் பயப்படுவானா?" என்றார் மாமியார். சரி, இவனை மறுபடி மடுவிலேயே நிறுத்துவோம் என்று தோன்றியது அப்போதுதான்.

வழி காட்டியவன் என் மகன். 1983-ல் இங்கிலாந்தில் வந்த வார்ஹாமர் என்ற மேஜை விளையாட்டுக்காக, விரல் உயர அரக்கர்களுக்கு இன்றும் உலகம் முழுக்க உட்கார்ந்து வண்ணம் தீட்டுகிறார்கள். அவர்கள் வித்தை நம் ஐந்து தலைப் பாம்புக்கும் பொருந்துகிறது.

பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிரைமருக்கு மேல் கரும்பச்சை அக்ரிலிக் அடித்தோம். அடுத்து, நீர்க்கக் கரைத்த கறுப்பு. அது செதில் இடுக்குகளில் போய்த் தங்கிவிடும். காய்ந்ததும் பிரஷில் துளி இளம்பச்சை தொட்டு, துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு லேசாகத் தடவினால், மேடுகள் மட்டும் நிறம் பிடிக்கும். பாம்பு மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்!

தண்ணீருக்கு எபாக்சி ரெசின். ஆனால், ஆழம் ரெசினில் இல்லை, அடித்தட்டில் நாம் தீட்டும் நிறத்தில் இருக்கிறது. அங்கேதான் சண்டை. மகன் நீலம் என்றான். "நம்ம வீட்டுக்குள்ள வந்தது நீலத் தண்ணியா?" என்றார் மாமியார். கடைசியில் நடுவில் விஷம் கலந்த கருமை, ஓரத்தில் எங்கள் ஊர்ச் செம்மண் நிறம்.

தட்டைச் சுற்றி பிளாஸ்டிக் ஷீட்டால் சுவர் கட்டி, ஒரு சொட்டும் கசியாமல் ஒட்டுங்கள். சுட்ட மண்ணில் நுண்ணிய துளைகள் உண்டு. முதலில் வார்னிஷ் பூசாவிட்டால் குமிழ் குமிழாகக் கிளம்பும். ரெசினையும் ஹார்ட்னரையும் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படியே கலக்க வேண்டும். கண் அளவு, கை அளவு எல்லாம் சாம்பாரோடு சரி. இதில் அளவு தப்பினால் பிசுபிசுப்பு போகவே போகாது.

அவசரப்பட்டு நான் மொத்தமாக ஊற்றிய முதல் தட்டு, தொட முடியாத அளவு சூடாகி விரிசல் விட்டது. நல்லவேளை, அது வெறும் ஒத்திகைத் தட்டு! அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் ஊற்றி, ஒரு நாள் விட்டு அடுத்த அடுக்கு. கையுறை, மாஸ்க், திறந்த ஜன்னல் கட்டாயம். சிறு பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மேலே அக்ரிலிக் கிளாஸ் ஜெல்லைக் குச்சியால் இழுத்து அலை, அலை முனையில் துளி வெள்ளை. முடிந்தது.

டிரங்குப் பெட்டி இப்போது பரணில். அடுத்த நவராத்திரிக்குக் காளிங்கன் முதல் படியில். கொலு பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பாப்பா மடுவில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு, விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.