தூய்மைப் பணியாளரின் பணிச்சோர்வு: குறை மனத்திலா, அமைப்பிலா?

தூய்மைப் பணியாளர்களுக்கு வேலையில் ஈடுபாடு இல்லை என்பது நகரங்களில் எளிதாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. சேவை மனப்பான்மையை வளர்க்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் தீர்வு. ஈடுபாடும் சோர்வும் எங்கிருந்து பிறக்கின்றன என்று ஆராய்ந்தால், குற்றச்சாட்டு, தீர்வு இரண்டுமே தவறான இடத்தைச் சுட்டுகின்றன என்பது விளங்கும்.

‘பர்ன் அவுட்’ எனப்படும் பணிச்சோர்வைப் பற்றி உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் எழுதினார். நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியோரிடம் அதை அவர் கண்டார். அங்கே சோர்ந்து விழுந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். மிகுந்த அர்ப்பணிப்போடு உழைத்தவர்கள். கிறிஸ்டினா மாஸ்லாக் இச்சோர்வின் மூன்று கூறுகளை வரையறுத்தார்: உள்ளம் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், தன்னால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம். 2019-இல் உலக சுகாதார அமைப்பு இதனை நோயாக அன்றி, பணியிடம் சார்ந்த நிகழ்வாகவே வகைப்படுத்தியது.

மாஸ்லாக்கும் மைக்கேல் லெய்ட்டரும் சோர்வுக்கான காரணங்களை ஆறு களங்களில் தேடினர்: பணிச்சுமை, தன் வேலைமீதான கட்டுப்பாடு, வெகுமதி, சக மனிதர் உறவு, நீதி, விழுமியங்கள். ஊதியம், பாதுகாப்பு, மதிப்பு, பிறருக்குப் பயன்படுதல் என ஒருவர் உழைப்பிலிருந்து நாடுபவையே அவருடைய பணி விழுமியங்கள். பணியிடம் அவற்றை மதித்தால் ஈடுபாடு வளரும்; மறுத்தால் சோர்வு மிகும்.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றன: வேலையைத் தொழிலாளி தாமே தேர்ந்தெடுத்தார் என்பதே அது. இந்தியாவில் அந்த அடிப்படை ஆட்டங்காண்கிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலையாட்களின் பிரிவினையும் ஆகும் என்று அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். பிறப்பால் சுமத்தப்பட்டு, இழிவென முத்திரையிடப்பட்ட தொழிலில் மனமும் அறிவும் ஒன்றாது என்பது அவர் வாதம். பணிச்சோர்வு என்ற சொல் உளவியலில் பிறப்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் சமூகக் காரணத்தை அவர் சுட்டிவிட்டார். அந்த நிலை இன்னும் மாறவில்லை. ‘நமஸ்தே’ திட்டத்தின் கீழ் 2024-இல் ஒன்றிய அரசு கணக்கெடுத்த கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர்களில் மூன்றில் இரு பங்கினருக்கு மேல் பட்டியல் சாதியினர்.

நாகர்கோவிலின் வணிக மையமான கோட்டாறு கம்போளத்தில் நாள்தோறும் குவியும் கழிவை யாரோ ஒருவர் அகற்றியாக வேண்டும். அவ்வேலையைச் ‘சேவை’ என்று புகழ்வோர் இம்மண்ணின் வரலாற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதியினரிடமிருந்து கூலியின்றிப் பறிக்கப்பட்ட கட்டாய உழைப்பின் பெயர் ‘ஊழியம்’. அச்சொல்லுக்குத் தொண்டு என்ற பொருளும் உண்டு. சுரண்டலும் தொண்டும் ஒரே சொல்லில் குடியிருந்தன.

பெயரை மாற்றுவது மட்டும் போதாது. 2020-இல் தமிழக அரசு ‘துப்புரவுப் பணியாளர்’ என்பதைத் ‘தூய்மைப் பணியாளர்’ என மாற்றியது. 2022-இல் வந்த அரசாணை 152, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் இப்பணியை வெளிமுகமைக்கு மாற்ற வழிவகுத்தது. பெயர் உயர்ந்தது, வேலைப் பாதுகாப்போ தேய்ந்தது. ஆறு களங்களில் கட்டுப்பாடு, வெகுமதி, நீதி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் அடிவாங்கின.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் அமர்ந்த தொழிலாளர்களை இந்தப் பின்னணியில் காண வேண்டும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் ஒப்படைத்ததை அவர்கள் எதிர்த்தனர். வேலை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அதே வேலையை மாநகராட்சியின் கீழ், உரிமையோடு செய்யவே கேட்டனர். ஈடுபாடு அற்றோரின் கோரிக்கை அன்று அது. அவர்களுக்குக் கிடைத்த விடை, நள்ளிரவுக் கைது.

ஆகவே களத்தில் இறங்கும் மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. விடுப்பு உண்டா? பாதுகாப்புக் கருவி கிடைக்கிறதா? வைப்பு நிதி செலுத்தப்படுகிறதா? முறையிட்டால் வேலை பறிபோகுமா? அடுத்த தலைமுறைக்கு வேறு தொழிலுக்கான வழி திறந்திருக்கிறதா? இவற்றுக்கு விடை காணாமல் தொழிலாளியின் மனப்பான்மையை அளப்பது, சாதியின் குற்றத்தைச் சாதியால் பாதிக்கப்பட்டவர் மீதே சுமத்துவதாகும்.