அறியப்படாதவர் பண்பற்றவர் ஆன கதை

ஆங்கிலம் பேசும் நாடுகளில் வாழும் எம்மவர் சிலரின் காதில் ‘அன்கூத்’ என்னும் சொல் விழுந்திருக்கக்கூடும். முரட்டுத்தனமானவர், பழகத் தெரியாதவர், பண்பற்றவர் என்பதே அதன் இன்றைய பொருள். ஆயினும், பிறந்த காலத்தில் அச்சொல்லில் இத்தகைய இழிவு எதுவும் இருக்கவில்லை.

பழைய ஆங்கிலத்தில் ‘குன்னன்’ என்பது அறிதலைக் குறிக்கும் வினைச்சொல். அதிலிருந்து வந்த ‘கூத்’ அறியப்பட்டதைச் சுட்டும். எதிர்மறை முன்னொட்டு ஒன்று சேர, அது ‘அறியப்படாதது’ ஆயிற்று. ‘பேயோவுல்ஃப்’ என்னும் பழங்காவியத்தில், வீரர்கள் முன்னர் சென்றறியாத வழிக்கு இச்சொல்லே அடைமொழியாக வருகின்றது.

காலப்போக்கில் அறியாதது விசித்திரமானதாகத் தோன்றிற்று. 16ஆம் நூற்றாண்டில் நயமற்றது, சீரற்றது என்னும் பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. பின்னர் அது மனிதரின் நடத்தைமீது ஏறிற்று. ஒருவரை அறியாதிருப்பது பார்ப்பவரின் குறை. அக்குறை பார்க்கப்படுபவரின் தலையில் சுமத்தப்பட்டுவிட்டது.

இச்சொல்லுக்கு எமது வழக்கிலும் ஓர் உறவு உண்டு. அறிதலைக் குறிக்கும் ஜேர்மானிய ‘கென்னென்’, வடமொழி ‘ஞா’ ஆகியன இதே வேரிலிருந்து கிளைத்தவை. வடமொழி வழியாக எம்மிடம் வந்த ‘ஞானம்’ அக்கிளையைச் சேர்ந்தது. ‘அறியப்படாத’ எனப் பொருள்படும் ‘அஞ்ஞாத’ என்பதோ, ‘அன்கூத்’ என்பதன் நேர் உடன்பிறப்பு எனலாம். பாண்டவர் பதின்மூன்றாம் ஆண்டில் மேற்கொண்ட அஞ்ஞாதவாசத்தை நாம் அறிவோம். விராடன் அரண்மனையில் வீமன் மடைப்பள்ளியில் சமைத்தான். திரௌபதி அரசிக்குப் பணிப்பெண்ணாக இருந்தாள். அவர்களை யாரென அங்கிருந்தோர் அறியவில்லை. அதனால் அவர்கள் சிறுமையுற்றார்களா?

ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் மதிப்புடன் வாழ்ந்து, இங்கே உணவகங்களில் கோப்பை கழுவும் எம்மவர்க்கு இக்கதையை விளக்கத் தேவையில்லை. மொழி புரியாமல் அலுவலக வாசலில் தடுமாறி நின்றபோது எம்மீது விழுந்த பார்வை எத்தகையது என்பதை நாம் அறிவோம்.

ஆனால், அப்பார்வை எம்மிடமும் உண்டு. வேறொரு நாட்டிலிருந்து வந்து அடுத்த வீட்டில் குடியேறியவரின் உடையையும் உணவையும் கண்டு முகஞ்சுளிக்கும்போது, அதே தவறை நாமும் செய்கின்றோம். அவரை நாம் இன்னும் அறியவில்லை என்பதே உண்மை. முதலில் அவரது பெயரையேனும் கேட்டறிவோம்.