கதவிழந்த வீடுகள்

புயலில் கூரை பறந்த வீட்டைச் சர்க்கார் கணக்கில் எழுதிக்கொள்கிறது. சுவர் விழுந்த வீட்டையும் எழுதிக்கொள்கிறது. கதவும் ஜன்னலும் பெயர்ந்துபோன வீட்டை எழுத அதன் பேரேட்டில் இடமே கிடையாது. இஃது அற்ப விஷயம் என்று உத்தியோகஸ்தர்கள் கருதக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களின் கரையோரத்தில் குடித்தனம் நடத்துகிறவர்கள் அப்படிக் கருத மாட்டார்கள்.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அடித்த அந்தக் காற்று, கரையோடு நில்லாமல் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி என்று உள்நாட்டிலும் புகுந்து, புதுக்கோட்டைச் சீமை வரை சென்றது. அறுபது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னைகள் லட்சக்கணக்கில் வீழ்ந்தன. முதல் நாளிலேயே 80,000 பேருக்கு மேல் 471 முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். மாநிலச் சர்க்கார் ஏறக்குறைய 15,000 கோடி ரூபாய் கேட்டது. அவ்வருஷக் கடைசியில் மத்திய சர்க்கார் 1,146 கோடி ரூபாய் அனுமதித்தது. இவையெல்லாம் பத்திரிகைகளில் விஸ்தாரமாக எழுதப்பட்டவை. எழுதப்படாதது ஒன்று உண்டு. அதையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வீட்டுச் சேதத்துக்குப் பணம் கொடுப்பதற்கு மத்திய சர்க்கார் விதித்த அளவுகள் உண்டு. கஜா வீசியபோது அமலில் இருந்த விதிகளின்படி, முற்றிலும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 95,100 ரூபாய். பகுதி சேதத்துக்கு, கட்டுக்கோப்பான வீடாயின் 5,200 ரூபாய், மண்வீடாயின் 3,200 ரூபாய். ஆனால் சேதம் குறைந்தது 15 சதவீதமாவது இருந்தாக வேண்டும். குடிசைக்கு 4,100 ரூபாய். முழுவதும் அழிந்த குடிசைக்கு மாநிலச் சர்க்கார் 10,000 ரூபாய் அறிவித்தது. 2022-ல் வந்த புதிய விதிகள் தொகைகளைச் சிறிது உயர்த்தின. பகுதி சேதம் கட்டுக்கோப்பான வீட்டுக்கு 6,500, மண்வீட்டுக்கு 4,000 என்றாயிற்று. 15 சதவீதம் மட்டும் அசையவில்லை.

இந்த 15 சதவீதத்தை அளப்பது எப்படி? நாலு சுவரும் நிற்கின்றன. ஓடு பத்துப் பதினைந்துதான் போயிற்று. வாசற்கதவு கீலோடு பெயர்ந்து தெருவில் கிடக்கிறது. இரண்டு ஜன்னல்கள் சட்டத்தோடு உள்ளே விழுந்திருக்கின்றன. கணக்கெடுக்க வருகிறவர் சுவரைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், ‘வீடு நிற்கிறது’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அவர்மீது குற்றமில்லை, அவர் கையில் கொடுத்த தாள் அப்படி.

வீடு நிற்கிறது, உண்மைதான். அதில் மனிதன் நிற்க முடியுமா என்பதே கேள்வி. கதவற்ற வீட்டை விட்டு முகாமுக்குப் போவது எப்படி? உள்ளே பத்தாயத்தில் சாப்பாட்டு நெல் இருக்கிறது. பெட்டியில் பட்டா, குடும்ப அட்டை, பிள்ளைகளின் படிப்புச் சான்றுகள் இருக்கின்றன. நம் கிராமத்தார் திருடரல்லர். ஆயினும் வாரக்கணக்கில் விளக்கெரியாத ஊரில், திறந்து கிடக்கும் வீட்டைக் கண்டால் எவருக்கும் மனம் நிம்மதி கொள்ளாது. மனிதனுக்குப் பயப்படாவிட்டாலும் பாம்புக்குப் பயப்பட வேண்டும். வெள்ளம் புகுந்த வயலிலிருந்து அது மேட்டைத் தேடி வீட்டுக்குள்தான் வருகிறது. ஆகவே வீட்டில் ஒருவர் காவல் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது கிழவியாகவோ, கூலிக்குப் போக வேண்டிய ஆண்பிள்ளையாகவோ இருக்கும். ‘சொன்னாலும் ஜனங்கள் முகாமுக்கு வருவதில்லை’ என்று அதிகாரிகள் குறைப்படுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கதவை நாம் மூடிக் கொடுத்தோமா?

அத்துடன் முடிவதில்லை. வடகிழக்குப் பருவத்தில் ஒரு புயல் போனால் மழை போய்விட்டதென்று அர்த்தமல்ல. கஜா போன சில நாட்களுக்குள்ளேயே டெல்டாவில் மறுபடியும் கனமழை பிடித்துக்கொண்டது. காற்றுக்குத் தப்பிய நெல்லும் துணியும் காகிதமும் அந்த மழையில் ஜன்னல் வழியே நனைந்தன. சுவர்க்காலில் தண்ணீர் தங்கினால் மண்சுவர் எத்தனை நாள் தாங்கும்? முதல் நாள் ஒரு பலகையால் மூடியிருக்கக்கூடிய சேதம், பத்தாம் நாள் சர்க்கார் ஒப்புக்கொள்ளும் 15 சதவீதத்தை எட்டுகிறது. இவ்வளவு செலவு செய்து தகுதி பெறுவது விநோதமே.

கூரை போவதற்கும் கதவு போவதற்கும் உள்ள உறவை ஜனங்கள் பலர் அறியார். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறக்குறைய 17 கிலோ எடை சாய்கிறது என்றால், 120 கிலோமீட்டர் வேகத்தில் 68 கிலோ சாய்கிறது. இரண்டு மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள வாசற்கதவின்மேல் 60 கிலோ நெல்மூட்டை இரண்டுக்கு மேற்பட்ட பாரம், அதுவும் விட்டுவிட்டு மோதும் பாரம். காற்று வரும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ உடைந்தவுடன் அக்காற்று வீட்டுக்குள் புகுந்து, வெளியேற வழியின்றிக் கூரையை உள்ளிருந்து மேலே தள்ளுகிறது. அதே சமயம் கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. கீழிருந்து தள்ளலும் மேலிருந்து இழுப்பும் சேர்ந்தபின் ஓடென்ன, கல்நார்த் தகடென்ன? 1974-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரைத் ட்ரேஸி என்ற புயல் நாசமாக்கியபின், அந்நாட்டுப் பொறியாளர்கள் ஆராய்ந்து கண்ட உண்மைகளில் இது முக்கியமானது. எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவைத்தால் காற்று போய்விடும் என்று சிலர் சொல்வதுண்டு. அதை நம்பற்க. புயலின் கண் ஊரைக் கடந்ததும், வடக்கிலிருந்து அடித்த காற்றே தெற்கிலிருந்து திரும்ப அடிக்கும். திறந்துவைத்த ஜன்னல் அப்போது வாசலாகிவிடும்.

நம் முன்னோர் கட்டிய ஓட்டு வீடுகளைப் பார்த்தவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். கனத்த மரத்தில் இரட்டைக் கதவு. உள்ளே குறுக்குக் கட்டை. இரும்புக் கம்பிக்குப் பின்னால் கண்ணாடி இல்லாமல் மரக்கதவு வைத்த சிறு ஜன்னல்கள். நாதாங்கியில் கொண்டியை மாட்டிக் கட்டையைக் குறுக்கே தள்ளிவிட்டால் வீட்டார் நிம்மதியாகப் படுக்கலாம். 1952-லும் 1977-லும் நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையேறிய கொடும்புயல்களைப் பார்த்த கதவுகள் சில இன்னும் சில அக்கிரகாரங்களிலும் மிராசு வீடுகளிலும் தொங்குகின்றன. ஏழையின் கூரை வீட்டுக்கு அந்நாளிலும் தட்டிக் கதவுதான் என்பதை மறைப்பது நேர்மையாகாது. இக்காலத்தில் வசதியுள்ளவர் வழுக்கிச் செல்லும் கண்ணாடி ஜன்னலும், வசதியில்லாதவர் பிளாஸ்டிக் கதவும் வைக்கிறார்கள். சர்க்கார் பணத்தில் எழும் தொகுப்பு வீடுகளின் தகரக் கதவு எத்தனை காற்றைத் தாங்குமென்று கேட்பாரில்லை.

கதவை உடனே அடைப்பது சர்க்காரின் வேலையா என்று கேட்கலாம். லண்டன் நகரத்தின்மேல் 1940-ல் ஜெர்மானியர் குண்டு பொழிந்தபோது, அங்குள்ள ஸ்தல ஸ்தாபனங்களே ஆட்களை அமர்த்தி, இடிந்த வீடுகளுக்கு முதலுதவிப் பழுதுபார்ப்பு என்று ஒன்றைச் செய்தன. கூரைக்குத் தார்ப்பாய், உடைந்த ஜன்னலுக்குப் பலகை அல்லது கெட்டித்துணி. வீட்டார் அன்றே உள்ளே போகலாம். முழுப் பழுது பிறகு. மனிதனுக்கு முதலுதவி செய்வது போல வீட்டுக்கும் செய்ய வேண்டும் என்ற அந்த எண்ணம் நல்லது. நம்மை ஆண்ட காலத்தில் அவர்கள் இங்கே விட்டுச்செல்ல மறந்த நல்ல வழக்கங்களில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் 1992-ல் ஆண்ட்ரூ புயல் தென் புளோரிடாவைச் சின்னாபின்னமாக்கியபின், புது வீடுகளின் ஜன்னல்களுக்குப் புயல்கதவோ உடையாக் கண்ணாடியோ கட்டாயமென்று சட்டம் செய்தார்கள். ஜப்பானியர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே மழைக்கதவென்று தனியாக ஒரு மரக்கதவு வைப்பது நெடுங்கால வழக்கம்.

செய்யும் முறை கடினமானதன்று. 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை ஒன்று இரண்டு நடுத்தர ஜன்னல்களை மூடும். கனம் 16 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பலகை ஜன்னலுக்குச் சரியாக இருந்தால் போதாது. நாற்புறமும் நாலங்குலமாவது சுவரின்மேல் படிய வேண்டும். ஜன்னல் சட்டத்தில் ஆணி அடிப்பதில் பயனில்லை. சுவரில் துளையிட்டு முறுக்காணி பூட்ட வேண்டும். ஏற்கெனவே சட்டம் உடைந்துபோன இடத்தில் வேறொரு வழி உண்டு: வெளியே பலகை, அதன்மேல் குறுக்கே ஒரு கட்டை, வீட்டின் உட்புறத்தில் ஜன்னலுக்குக் குறுக்கே சுவரோடு அணைந்து மற்றொரு கட்டை, இரண்டையும் நீண்ட திருகாணிகளால் இறுக்கினால் பலகை நடுவே பிடிபட்டு நிற்கும். சுவரில் ஓர் ஓட்டையும் வேண்டாம். ஆசாரி ஒருவரும் எடுபிடி ஒருவரும் சிறிது நேரத்தில் முடித்துவிடலாம். கண்ணாடியில் குறுக்கும் நெடுக்கும் காகித நாடா ஒட்டுவது வீண் வேலை; அதனால் கண்ணாடி வலுப்பெறுவதில்லை. ஆட்கள் உள்ளிருக்கும் வீட்டில் ஒரு கதவையாவது உள்ளிருந்து திறக்கும்படி விடவேண்டும் என்பதை மட்டும் ஒருபோதும் மறக்கலாகாது.

பலகைக்கு எங்கே போவது என்பார்கள். கஜாவுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் வீழ்ந்த தென்னைகளை என்ன செய்வதென்று தெரியாமல் குடியானவர்கள் தவித்தார்கள். மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் சர்க்கார் அறிவித்தது. அகற்றுவதற்குக் கொடுத்த யோசனை அறுப்பதற்கு எழவில்லை. தென்னையின் உட்பகுதி சோறு போன்றது, உண்மை. அடிமரத்தின் வெளிவட்டமோ இரும்பு. 2013-ம் வருஷம் நவம்பரில் ஹையான் என்ற மகா புயல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் கோடிக்கணக்கான தென்னைகளை வீழ்த்தியபோது, எண்ணெயால் ஓடும் கைரம்பங்களைத் தோப்புக்கே கொண்டுபோய்ப் பலகை அறுத்து, அதைக்கொண்டே ஜனங்களுக்கு வீடு கட்டினார்கள். நம் ஊரில் மின்சாரமின்றி மரவாடிகள் மூடிக்கிடந்தன. பலகைக்குரிய மரம் வீட்டு வாசலில் கிடக்க, வாசலுக்குப் பலகையில்லை!

இதையெல்லாம் முன்கூட்டி யோசிக்க வேண்டியது கிராமப் பஞ்சாயத்து. எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குக் கதவு பலமில்லை, எந்த வீட்டில் தனித்த விதவை இருக்கிறாள், எந்த ஆசாரி ஊரில் இருக்கிறார் என்பதைத் தலைநகரிலிருந்து எவரும் சொல்ல முடியாது. கஜா வந்தபோது அந்தப் பஞ்சாயத்து இருந்ததா? தமிழ்நாட்டில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட மூன்று வருஷமும் தனி அதிகாரிகளின் நிர்வாகம். டெல்டாவின் ஆபத்துக்காலத்தில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த தலைவர் என்று ஒருவர் ஒரு கிராமத்திலும் இல்லை. அத்தேர்தலில் வந்தவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, அவ்விடங்களுக்கு மறுபடியும் தனி அதிகாரிகளே அனுப்பப்பட்டார்கள். காந்தியடிகள் கண்ட கிராம ராஜ்யத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தேதிகளை ஒருமுறை எழுதிப்பார்க்கட்டும்.

நாம் கேட்பது பெரிதன்று. கரையோரத் தாலூகாக்களில் ஒவ்வோர் ஊராட்சியும் புரட்டாசிக்குள் நூறு ஒட்டுப்பலகையும், அதற்கேற்ற கட்டை, திருகாணி, கீல், தாழ்ப்பாள், தார்ப்பாயும் சேமித்துவைக்க வேண்டும். ஊரிலுள்ள தச்சர், கொத்தனார் பெயர்ப் பட்டியல் சுவரில் எழுதியிருக்க வேண்டும். புயல் ஓய்ந்த முதல் மூன்று நாளில் கதவடைக்கும் வேலைக்குப் போகிறவருக்கு அன்றன்றே கூலி கொடுக்க ஊராட்சிக்கு அதிகாரம் வேண்டும். மேலிடத்து உத்தரவு வந்து சேருவதற்குள் மழை வந்துவிடும். நிவாரண விதிகளில், 15 சதவீதக் கணக்குக்கு அப்பாற்பட்டு, வெளிக்கதவும் ஜன்னலும் இழந்த வீட்டுக்கு அவற்றின் கிரயத்தைக் கொடுக்கும்படி தனியாக ஒரு விதி சேர்க்க வேண்டும். இதற்கு மத்திய சர்க்காரை வற்புறுத்துவது நம் சட்டசபை, பார்லிமெண்ட் அங்கத்தினரின் கடமை.

பலகைகளை வைப்பதற்கு இடமில்லை என்ற ஆட்சேபத்தை எதிர்பார்க்கிறோம். நாகப்பட்டினக் கரையோரத்தில் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டியிருக்கிறார்கள்; பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. தரையில் படாமல் செங்கல்மேல் அடுக்கி, கரையான் ஏறாதபடி மருந்தடித்து, ஒவ்வொரு பலகையிலும் வீட்டு எண்ணையும் ஜன்னல் எண்ணையும் சுண்ணாம்பால் எழுதிவைத்தால், மார்கழி கழிந்தபின் கழற்றி அடுக்கி அடுத்த வருஷத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.