மைதானத்துக்கு வெளியே முடிவாகும் லீக்: இங்கிலாந்து பெண்கள் ரக்பி

2025 செப்டம்பர் 27. லண்டன் ட்விக்கனம் மைதானம். பெண்கள் ரக்பி உலகக் கோப்பை ஃபைனல். பார்க்க வந்தவங்க 81,885 பேர். இங்கிலாந்து 33, கனடா 13. ஆனா ஸ்கோரை விட எனக்கு சுவாரசியமா பட்டது வேற ஒண்ணு. ஜெயிச்ச இங்கிலாந்து வீராங்கனைகளும், தோத்த கனடா டீம்ல நிறைய பேரும் சீசன் முழுக்க ஆடுறது ஒரே லீக்லதான்.

அந்த லீக்கோட பேர் பிரீமியர்ஷிப் விமன்ஸ் ரக்பி. சுருக்கமா பி.டபிள்யூ.ஆர். இங்கிலாந்தோட உள்நாட்டு பெண்கள் ரக்பியில இதுதான் மேல்மட்டம். யார் கப் அடிச்சாங்கங்கறதை அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இந்த லீக்குக்குள்ள நுழைய ஒரு டீம் என்ன செய்யணும்? மேட்ச் ஜெயிக்கணும்னுதானே தோணும். அது பத்தாது. விண்ணப்பம் போடணும்.

ரக்பி பார்க்காதவங்களுக்கு அரை நிமிஷம். ஒரு பக்கம் 15 பேர், மொத்தம் 80 நிமிஷம். பந்தைக் கையால முன்பக்கம் வீசக் கூடாது. பக்கத்துலயோ பின்னாலயோ இருக்கற ஆளுக்குத்தான் தரலாம். எதிரணியோட கோட்டைத் தாண்டிப் போய் பந்தைத் தரையில அழுத்தினா அது 'டிரை', 5 பாயின்ட். பந்தோட ஓடுறவங்களைக் கட்டிப் பிடிச்சு சாய்க்கலாம், அதுவும் முழு வேகத்துல. அதனால பிசியோ, டாக்டர், உடற்பயிற்சி கோச் இல்லாம இந்த ஆட்டத்தை உயர்ந்த தரத்துல நடத்த முடியாது. இதை மனசுல வெச்சுக்கோங்க, மீதிக் கதைக்கு இதுதான் ஆரம்பம்.

2017-க்கு முன்னாடியும் அங்க பெண்கள் லீக் இருந்தது. கீழ இருக்கற லீக்ல ஜெயிச்சா மேல வரலாம், மேல தோத்துக்கிட்டே இருந்தா கீழ இறங்கணும். நியாயமான ஏற்பாடு. ஆனா ஒரு கிளப்ல நல்ல பிசியோ இருப்பாங்க, இன்னொண்ணுல யாருமே இருக்க மாட்டாங்க. ஆட்டத்தை நடத்துற ரக்பி ஃபுட்பால் யூனியன், அதாவது ஆர்.எஃப்.யூ, இந்த நிலைமையை மாத்த நினைச்சு 2017-ல 'பிரீமியர் 15ஸ்'னு புது லீக் தொடங்கினாங்க. முதல் ஸ்பான்சர் டிரெல்ஸ், ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸ் கம்பெனி! பத்து டீம். மூணு வருஷத்துக்கு 24 லட்சம் பவுண்டு முதலீடு. உள்ள வர விரும்புற கிளப் கோச்சிங், மருத்துவம், பயிற்சி வசதி எல்லாத்துக்கும் குறைந்தபட்ச தரத்தைக் காட்டி விண்ணப்பிக்கணும்.

விண்ணப்பம் போட்டதுல லிச்ஃபீல்டும் ஒண்ணு. ஸ்டாஃபர்ட்ஷயர்ல ஒரு சின்ன ஊர் கிளப். எமிலி ஸ்காரட் பேரை ரக்பி பார்க்கறவங்க கேள்விப்பட்டிருப்பீங்க. 2014 உலகக் கோப்பை ஃபைனல்ல இங்கிலாந்து எடுத்த 21 பாயின்ட்ல 16 அவங்களோடது. அப்போ அவங்க ஆடின கிளப் லிச்ஃபீல்டு. அந்தக் கிளப்புக்குத்தான் இடம் கிடைக்கலை. தோத்துப் போய் கீழ இறங்கலை, விண்ணப்பம் தேறலை, அவ்வளவுதான். அதே பத்து இடத்துல ஒண்ணு, க்ளாஸ்டர்-ஹார்ட்பரி கூட்டணிக்குப் போச்சு. பக்கத்துல யுனிவர்சிட்டி, ஜிம், மைதானம், பின்னால ஒரு பெரிய ஆண்கள் கிளப்போட பேர். படிவத்துல எழுத அவங்களுக்கு நிறைய இருந்தது.

2020-ல அடுத்த சுற்று விண்ணப்பம். இந்தத் தடவை ரிச்மண்டும் வாட்டர்லூவும் வெளியே. எக்ஸிடர் சீஃப்ஸ், சேல் ஷார்க்ஸ் உள்ளே. ரிச்மண்ட் பழைய லீக்ல சாம்பியனா இருந்த கிளப். உள்ள வந்த ரெண்டும் பெரிய ஆண்கள் கிளப்களோட பெண்கள் அணி. இங்கதான் ஒரு பழக்கம் தெரிய ஆரம்பிக்குது. தரத்துக்குப் பணம் வேணும், பணம் ஆண்கள் கிளப்கிட்ட இருக்கு. அதனால பெண்கள் டீம் பெரிய வீட்டோட மாடியில குடியிருக்கற மாதிரி ஆயிடுச்சு.

வீட்டோட அஸ்திவாரம் ஆடினா?

2022 இலையுதிர் காலத்துல அதுதான் நடந்தது. செப்டம்பர் கடைசியில வூஸ்டர் வாரியர்ஸ், அக்டோபர்ல வாஸ்ப்ஸ், ரெண்டு பெரிய கிளப்பும் அடுத்தடுத்து கடன்ல திவாலாச்சு. கடன் பெண்கள் டீம் வாங்கினது இல்லை. ஆனா அவங்க போட்டிருந்த ஜெர்சி அந்தக் கிளப்போடது. வூஸ்டர் பெண்கள் டீமை ஒரு ஸ்பான்சர் கைகொடுத்துத் தூக்கினாங்க. 1984-லயே தொடங்கின வாஸ்ப்ஸ் பெண்கள் டீம், அமெச்சூர் கிளப் ஆதரவுல அந்த சீசனை எப்படியோ ஆடி முடிச்சாங்க. 2023-ல லீக்குக்கு இப்போ இருக்கற பேர் வந்தது, திரும்பவும் இடங்கள் பங்கிடப்பட்டது. வாஸ்ப்ஸும், வடகிழக்கு இங்கிலாந்தோட டி.எம்.பி டர்ஹம் ஷார்க்ஸும் பட்டியல்ல இல்லை. லெஸ்டர் டைகர்ஸும் ஈலிங்கைச் சேர்ந்த டிரெயில்ஃபைண்டர்ஸும் வந்தாங்க. வூஸ்டர் பேர் இருந்தது. ஆனா சீசன் தொடங்க சில வாரம்தான் இருக்குங்கறப்போ பணம் நின்னுபோச்சு, டீம் விலகிருச்சு. கடைசி நேரத்துல அத்தனை பேரும் வேற கிளப் தேடி ஓடணும். இதுல நிறைய பேர் வேற வேலையோ படிப்போ பார்த்துக்கிட்டு ஆடுறவங்க. கிளப் மாறறதுன்னா ஊரே மாறறது.

பத்துன்னு தொடங்கின லீக் ஒன்பதாச்சு. அந்த ஒன்பதையும் மேப்ல வெச்சுப் பாருங்க. லண்டன்ல மட்டும் மூணு: சரசன்ஸ், ஹார்லக்வின்ஸ், டிரெயில்ஃபைண்டர்ஸ். மேற்குல பிரிஸ்டல், க்ளாஸ்டர், எக்ஸிடர். நடுவுல லெஸ்டரும் லஃபரோவும், ரெண்டுக்கும் நடுவுல கார்ல அரை மணி நேரம்தான். வடக்குல சேல் ஒண்ணே ஒண்ணு. யார்க்‌ஷயர்ல ஒரு டீம் கூட கிடையாது. 2024-ல உலகத்தோட சிறந்த வீராங்கனையா தேர்வான எல்லி கில்டன் அந்த யார்க்‌ஷயர் பொண்ணுதான். அவங்க ஆடின லீக் கிளப்கள் க்ளாஸ்டர்-ஹார்ட்பரி, வாஸ்ப்ஸ், இப்போ ஹார்லக்வின்ஸ். மூணுமே தெற்குப் பக்கம். 16, 17 வயசுல வீட்டை விட்டுக் கிளம்ப முடிஞ்சவங்க கதை நமக்குத் தெரியும். முடியாதவங்களை நாம டிவியில பார்க்கப் போறதில்லை.

இதைச் சொல்லிட்டு மறுபக்கத்தைச் சொல்லாம விட்டா நியாயமில்லை. லீக்கோட தரம் ஏறியிருக்கு, அதுல சந்தேகமே இல்லை. முதல் ரெண்டு சீசனும் சரசன்ஸ் கப் அடிச்சாங்க. கொரோனாவால 2020 சீசன் ரத்து. அப்புறம் ஹார்லக்வின்ஸ், மறுபடி சரசன்ஸ். அதுக்கப்புறம் 2023, 2024, 2025, மூணு வருஷமும் க்ளாஸ்டர்-ஹார்ட்பரி! ஆமா, லிச்ஃபீல்டுக்குக் கிடைக்காத அந்தப் படிவம் தேறினவங்களேதான். காலையில கிளாஸ், மத்தியானம் ஜிம், சாயங்காலம் பிராக்டிஸ்னு ஒரே வளாகத்துல நடத்துற முறை பலன் கொடுத்திருக்கு. 2023 ஃபைனல் அவங்க சொந்த மைதானமான கிங்ஸ்ஹோம்ல. அன்னிக்கு மட்டும் அதுக்கு 'குயீன்ஸ்ஹோம்'னு பேர் மாத்திட்டாங்க. ராஜாவோட வீடு ஒரு நாளைக்கு ராணி வீடு.

ஆர்.எஃப்.யூ 2019 ஜனவரியில இருந்து 28 பேருக்கு முழு நேர ஒப்பந்தம் கொடுத்ததும் இதுல சேரணும். சம்பளம் யூனியன் கொடுக்கும், மேட்ச் அனுபவம் லீக் கொடுக்கும். கனடா, அமெரிக்கா வீராங்கனைகள் இங்க வந்ததும் அந்த அனுபவத்துக்காகத்தான். 2025 ஜனவரியில அமெரிக்காவோட இலோனா மாஹர் பிரிஸ்டலுக்கு ஆட வந்தப்போ மேட்ச்சையே பெரிய மைதானத்துக்கு மாத்தினாங்க. 9,240 பேர் வந்தாங்க, லீக்குக்கு அன்னிக்கு அது ரெக்கார்டு.

என் கருத்தைக் கேட்டா, 2017-ல தர நிபந்தனை வெச்சது சரி. கழுத்து எலும்பு உடையக் கூடிய ஆட்டத்துல டாக்டர் இல்லாத கிளப்பை மேல விடக் கூடாது. தப்பு அடுத்த படியில. அந்தத் தரத்துக்கு லிச்ஃபீல்டு மாதிரி ஒரு கிளப் ஏறி வர யாரும் ஏணி வைக்கலை. நம்ம ஐபிஎல்ல கடைசி இடம் வந்தாலும் அடுத்த வருஷம் அதே டீம் வரும்ல, அந்த மாதிரி மூடின லீக் இது. ஐபிஎல் டீமை இன்னொரு கிளப் சுமக்கலை. இங்க பெண்கள் டீம்களை ஆண்கள் கிளப் சுமக்குது, அந்த ஆண்கள் கிளப்களே பல வருஷமா நஷ்டத்துல ஓடுது.

பி.டபிள்யூ.ஆர் பார்க்கலாம்னு நினைச்சீங்கன்னா அட்டவணையில ஒண்ணைக் கவனிப்பீங்க. ஒன்பது ஒற்றைப்படை. அதனால ஒவ்வொரு சுற்றுலயும் யாரோ ஒரு டீம் எதிராளி இல்லாம சும்மா உட்கார்ந்திருக்கும். வூஸ்டர் ஆட வேண்டிய இடம் அது.