பில் கவுன்ட்டரில் சொன்ன நம்பர்

வத்தலக்குண்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக் கடையில பொண்ணுக்குப் பாவாடை சட்டை எடுத்தேன். நாலு நாள்ல அதே கடை விளம்பரம் ஃபேஸ்புக்ல வருது. கடையில நான் பேசினத போன் ஒட்டுக் கேட்டுச்சா?"

ஒட்டுக் கேட்கும் போன் என்பது வாட்ஸ்அப்பில் நன்றாக ஓடுகிற கதை. அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை வெளியே அனுப்பியதாக ஒன்றுகூடச் சிக்கவில்லை. திரையைப் படம்பிடித்து அனுப்பியவை சிக்கின; அது வேறு கவலை. வாசகி விஷயத்தில் காதுக்கே வேலையில்லை. பில் போடும்போது "போன் நம்பர் சொல்லுங்கக்கா" என்று கேட்டிருப்பார்கள். அவரும் சொல்லியிருப்பார்.

வாடிக்கையாளர் நம்பர்களைப் பட்டியலாக ஏற்றி, அவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டும் வசதியை ஃபேஸ்புக் 2012-லேயே கொண்டுவந்துவிட்டது. ஏற்றும்போது ஒவ்வொரு நம்பரும் 'ஹேஷ்' என்ற மில்லில் அரைபட்டு, அடையாளம் தெரியாத 64 எழுத்துகளாகிவிடும். தன்னிடம் இருக்கும் நம்பர்களையும் ஃபேஸ்புக் அதே மில்லில் அரைத்துப் பார்க்கும். மாவும் மாவும் ஒத்துப்போனால் ஆள் கிடைத்துவிட்டார். "நம்பரை அப்படியே தருவதில்லையே" என்ற சமாதானத்தை நம்ப வேண்டியதில்லை. இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்றுதான் தொடங்கும். எப்படிக் கூட்டினாலும் 400 கோடிக்கு மேல் போகாது. அத்தனையையும் அரைத்து ஒப்பிடுவது இன்றைய கணினிக்குச் சின்ன வேலை.

அப்படியானால் யார் யார் நம்பர் ஃபேஸ்புக்கிடம் இருக்கிறது? அதே பல்கலைக்கழகத்தின் கிரிதரி வெங்கடாத்ரி, ஆலன் மிஸ்லவ் குழுவினர் இதைக் கண்டுபிடித்த விதம்தான் அழகு. பட்டியலில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதை ஃபேஸ்புக் விளம்பரதாரருக்கு துல்லியமாக இல்லாமல் தோராயமாகத்தான் அப்போது காட்டியது. தனி ஆள் அதில் மறைந்துவிடுவார் என்று ஃபேஸ்புக் நினைத்தது.

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் பத்துப் பத்துக் கிராமாகவே காட்டும் ஒரு தராசு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரே ஒரு மல்லிகை மொட்டு. நிஜ மொட்டா, எடையே இல்லாத மாய மொட்டா? தட்டில் வேறு மொட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்து, இன்னும் ஒன்று விழுந்தால் எண் தாவும் என்ற விளிம்பில் நிறுத்த வேண்டும். இப்போது சந்தேக மொட்டைப் போட்டால், தாவினால் நிஜம், தாவாவிட்டால் மாயம். ஆய்வாளர்கள் மொட்டுக்குப் பதில் நம்பர்களைப் போட்டார்கள். ஃபேஸ்புக்குக்குத் தெரிந்த நம்பருக்கு எடை உண்டு, தெரியாததற்கு இல்லை. தெரியாமல் பார்த்துக்கொள்வதாக நினைத்த நிறுவனத்தின் தராசே அதைக் காட்டிக்கொடுத்தது.

கணக்கின் பாதுகாப்புக்காக மட்டும், ஓடிபி வருவதற்கென்று கொடுத்த நம்பர்களுக்கும் சில வாரங்களில் எடை வந்துவிட்டது! அதைவிட மோசம், நண்பர் தன் போன் காண்டாக்ட்டுகளை ஏற்றினாலே உங்கள் நம்பர் விளம்பரத்துக்குச் சிக்கியது. கிஸ்மோடோ இதழின் பத்திரிகையாளர் காஷ்மீர் ஹில், மிஸ்லவ் தன் வாழ்நாளில் ஃபேஸ்புக்குக்குக் கொடுத்தே இராத அலுவலக லேண்ட்லைன் எண்ணைக் குறிவைத்து ஒரு விளம்பரம் போட்டார். சில மணி நேரத்தில் அது மிஸ்லவின் திரையில் வந்து நின்றது.

பாதுகாப்பு எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதை 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அமெரிக்க வர்த்தக ஆணையம் எஃப்டிசி 2019 ஜூலையில் விதித்த 500 கோடி டாலர் அபராதத்துக்கான குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. அந்த அபராதத்தோடு வந்த அந்தரங்கப் பாதுகாப்பு உத்தரவைக் காட்டித்தான் 2021 ஆகஸ்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாரா எடல்சன் குழுவினரின் கணக்குகளை ஃபேஸ்புக் முடக்கியது. அவர்கள் செய்த குற்றம், யாருக்கு என்ன விளம்பரம் வருகிறது என்பதைத் தன்னார்வலர்களின் சம்மதத்தோடு சேகரித்தது. உத்தரவில் அப்படியெல்லாம் தடை இல்லை என்று எஃப்டிசியே கடிதம் எழுதியது. அந்தரங்கத்தின் பெயரைச் சொல்லி அந்தரங்க ஆய்வை மூடுவதை ஏற்க முடியாது.

இத்தகைய ஆய்வு ஏன் வேண்டும் என்பதற்கு இங்கேயே உதாரணம் உண்டு. இந்தியாவில் 'ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்', 'ஆட் வாட்ச்' என்ற இரு குழுக்கள், 2019 பிப்ரவரி முதல் 2020 நவம்பர் வரையிலான 5,36,070 அரசியல் விளம்பரங்களை அலசி 2022-ல் வெளியிட்டன. ஒரு விளம்பரத்தைப் பத்து லட்சம் முறை காட்ட பாஜக தரப்புக்குச் சராசரி 41,844 ரூபாய். காங்கிரஸ் தரப்புக்கு 53,776. விதிகள் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றது நிறுவனம். யாரைக் குறிவைத்து ஏன் அந்த விலை விழுந்தது என்பது வெளியே வந்த தரவில் இல்லை. அதைத் திறந்து காட்டும்வரை அந்தப் பதில் வெறும் வாய்வார்த்தை.

வாசகிக்கு ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை அந்த விளம்பரம் வந்தால், மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'இந்த விளம்பரத்தை நான் ஏன் பார்க்கிறேன்' என்பதைத் திறக்கட்டும். பட்டியல் ஏற்றப்பட்டிருந்தால் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்திவிட்டது. "நம்பர் வேணாம், பில்ல மட்டும் கொடுங்க" என்று அவர் தாராளமாகச் சொல்லலாம்.