குளிரில் முறிந்த கப்பல்கள்

இரும்பு மனம், இரும்புப் பிடி, இரும்புக் கோட்டை என்றெல்லாம் எழுதிப் பழகியவர்கள் நாம். அந்த இரும்பு கண்ணாடியைப் போல வெடித்துப் பிளக்கவும் கூடும் என்பதை இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கப்பல்கள் காட்டின. இது பௌதிகவியலோடு மட்டும் நின்றுவிடும் விடயமல்ல. முறிந்ததற்கான பழியை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வியும் இதற்குள் இருக்கின்றது. இவ்விதழில் இதை எழுத வந்த காரணமும் அதுவே.

1943 ஜனவரி 16ஆம் திகதி, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரில், 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் துறையில் கட்டப்பட்டிருந்தது. வெள்ளோட்டம் முடிந்து சில நாட்கள்கூட ஆகவில்லை. புயலில்லை, அலையில்லை, குண்டுமில்லை. ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்ட சத்தத்துடன் அதன் மேற்தளமும் இருபக்கச் சுவர்களும் பிளந்தன. அடித்தகடு மட்டும் அறாமல் நின்றது. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருந்தது.

இது தனியொரு விபத்தல்ல. போர்த் தேவைக்காக 2,700க்கும் மேற்பட்ட 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்கள் அசுர வேகத்தில் கட்டப்பட்டன. முன்பெல்லாம் தகடுகளைத் தறையாணி அடித்துப் பொருத்துவார்கள்; இப்போது வெல்டிங் செய்து ஒட்டினார்கள். 1946இல் அறிக்கை தந்த அமெரிக்க விசாரணைக்குழு 4,694 கப்பல்களைக் கணக்கெடுத்தது. அவற்றில் 970இல் வெடிப்புகள் கண்டிருந்தன. சில நடுக்கடலிலேயே இரண்டாகின.

முதலில் விரல் நீண்டது வெல்டிங் செய்தவர்களின் பக்கமே. அவர்களில் பெரும்பாலானோர் தொழிலுக்குப் புதியவர்கள். பெண்களும், தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்களும் பெருந்தொகையாக அதில் இருந்தனர். அவசரத்தில் செய்த மோசமான ஒட்டுகளும் இருந்தனதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நல்ல ஒட்டுள்ள கப்பல்களும் முறிந்தனவே? இதே தொழில்தான் இன்று எனக்கும் சோறு போடுகிறது என்பதால் இந்த இடத்தில் நான் நடுநிலையாளன் அல்லன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உலோகம் முறிவது புரியவேண்டுமானால் அது ஏன் வளைகிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். உலோகத்தின் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்குபட்டு நிற்கின்றன. விசை கூடும்போது ஓர் அடுக்கு மற்றதன்மேல் வழுக்கும். ஆனால் முழு அடுக்கும் ஒரேயடியாக நகர்வதில்லை. முற்றத்தில் விரித்த பெரிய படங்கை இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழுதாக இழுப்பது எவ்வளவு பாடு என்று. ஓர் ஓரத்தில் மடிப்பொன்றை எழுப்பி அதை மறு ஓரம்வரை தள்ளிக்கொண்டு போனால் படங்கு தானாக நகர்ந்துவிடும். அணுவடுக்குகளிலும் இப்படியான மடிப்புகள் உண்டென்பதை 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே விளக்கினர். மடிப்புகள் நகரும்வரை உலோகம் இழுபடும், நெளியும், முறியமுன் எச்சரிக்கை தரும். அவை நகர முடியாதபோது எஞ்சுவது பிளவு ஒன்றுதான்.

இரும்பில் இந்த மடிப்பு நகர, அணுக்களின் வெப்ப அதிர்வு துணைசெய்ய வேண்டும். குளிர் கூடக்கூட நெளிவதற்கு வேண்டிய விசை ஏறிக்கொண்டு போகும். பிளப்பதற்கு வேண்டிய விசையோ அவ்வளவாக மாறாது. ஒரு கட்டத்தில் நெளிவதைவிடப் பிளப்பது இலகுவாகிவிடும். செம்பும் அலுமினியமும் வேறு விதமாக அடுக்கப்பட்டவை, கடுங்குளிரிலும் நெளிவன. பூச்சியத்துக்குக் கீழ் 160 பாகையளவில் திரவமாக்கிய எரிவாயுவை அலுமினியத் தாங்கிகளில் கொண்டுபோக முடிவது இதனாலேயே.

போர்க்காலத் தகடுகளில் கந்தகமும் பொசுபரசும் கூடுதல், மங்கனீசு குறைவு, உருக்கின் மணிகளும் பருத்தவை. இத்தகைய உருக்குக்கு அந்த ஆபத்தான கட்டம் உறைநிலைக்கு மேலேயே வந்துவிடும். ஆயினும் அறைவெப்பத்தில் நடத்திய இழுவைச் சோதனையில் அது ஒழுங்காகத் தேறியிருந்தது! வலிமையும் முறியாமையும் வேறுவேறு குணங்கள். எங்களூர்க் கொல்லர்களுக்கு இது பழைய செய்தி. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த கத்திக்கு மறுபடி மெல்லச் சூடு காட்டாவிட்டால் வாய் கூராகத்தான் இருக்கும், ஆனால் கல்லில் பட்டதும் தெறித்துவிடும்.

கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கொன்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளரே இந்தக் கப்பல் உருக்கை ஆராய்ந்து, குறித்த வெப்பநிலைக்குக் கீழ் அது நொறுங்கும் தன்மையை அடைகிறதென நிறுவியவர். அப்பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் அன்று முழுநேரமாகப் பணியாற்றிய ஒரே பெண் அவர். குற்றம் முதன்மையாக உருக்கிலே இருந்தது. வடிவமைப்புக்கும் அதில் பங்குண்டு: மேற்தளத்துச் சரக்குவாசல்களைச் சதுர மூலைகளோடு வெட்டியிருந்தார்கள். கூரான மூலையில் விசை பலமடங்காகக் குவியும். வெடிப்புகள் பல அங்கேதான் தொடங்கின. வெல்டிங் செய்ததன் விளைவு வேறொன்று. தறையாணி அடித்த கப்பலில் வெடிப்பு ஒரு தகட்டின் ஓரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஒட்டிய கப்பலோ முழுவதும் ஒரே தகடு போல, வெடிப்புக்கு எல்லையே இல்லை. பின்னர் மூலைகளை வளைத்தார்கள், இடையிடையே தறையாணிப் பட்டிகளை வைத்தார்கள், உருக்கில் மங்கனீசைக் கூட்டினார்கள்.

பாடம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 1961இல் திறக்கப்பட்ட மெல்பேர்ண் நகரின் கிங்ஸ் பாலம் 1962 ஜூலையில், தெற்கே குளிர்காலக் காலையொன்றில், பாரவண்டி ஒன்று ஏறிச் சென்றபோது வெடித்தது. உருக்கும் ஒட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராததே காரணம்.

நான் வேலை செய்யும் பட்டறைக்கு வரும் தகடுகளில் 'எஸ் 355 ஜே 2' என்று பொறித்திருக்கும். 355 வலிமையைக் குறிப்பது. ஜே 2 என்பது, வெட்டுக்காயம் இட்ட சிறு துண்டொன்றைப் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையில் சுத்தியலால் அடித்தால், குறைந்தது 27 ஜூல் சக்தியை உறிஞ்சிய பின்பே அது முறியும் என்பதற்கான உத்தரவாதம். வடக்கே போகும் வேலையென்றால் அதுவும் போதாது, 40 பாகைக் குளிரில் அடித்துப் பார்த்த தகடு வேண்டுமென்று கேட்பார்கள்.